சலூன்காரன் தலை

ஜனவரி 14

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வீடு சுகம், கடை சுகம், மாடிப்படியில் வந்து படுக்கும் பூனை சுகம். என் தலை ஒன்றுதான் சுகமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் உடம்பைச் சொல். தூக்கம் வருகிறதா? சாப்பிட்டது வயிற்றில் நிற்கிறதா?

குடியை விட வருகிறவர்கள் உங்கள் இல்லத்தில் போன் பேசக்கூடாதாம், கடிதம் மட்டும் எழுதலாமாம். அலுவலக மேடம் இதைச் சொன்னபோது, "கடிதமா, நானா?" என்று கேட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். அதற்குப் பிறகு நான் எழுதிய நீளமான எழுத்து, கடைக் கதவில் இருக்கிற 'திங்கள் விடுமுறை'தான். இப்போது பார், ஒரு முழுத் தாளை எதிரே வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவன் மாதிரி பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். வலது கையில் கட்டு. கடையில் தண்ணீர் சிந்திய இடத்தில் வழுக்கி விழுந்தேன். தரையைத் துடைக்காமல் விட்டது எவன் என்று விசாரித்தேன். நான்தான். திட்டிவிட்டு மன்னித்துவிட்டேன்.

இனி தலை விவகாரம். மாதத்தின் முதல் திங்கள், கதவைப் பாதி இறக்கிவிட்டு, நீ என் தலையையும் நான் உன் தலையையும் வெட்டிக்கொள்வோமே, அந்தத் திங்கள் இந்த மாதம் வந்துவிட்டுப் போய்விட்டது. ஊருக்கே வெட்டுகிறவனுக்குத் தன் பிடரி எட்டாது. முடி காதின் மேல் இறங்கிக் குடித்தனம் வைத்துவிட்டது. எதிர்க்கடைக்காரன் தினமும் என்னைப் பார்த்துச் சீப்பை ஆட்டுகிறான். "வாங்க முதலாளி, தொழில்காரருக்கு ஓசி" என்கிறான். இத்தனை வருஷம் முறைத்துக்கொண்டவனிடம் போய்க் கழுத்தைக் கொடுப்பதா? பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மொட்டைக் கணக்கர் இப்போதெல்லாம் தெருவின் அந்தப் பக்கமாக நடந்து போகிறார். அவருக்கு வெட்டுகிற நேரத்தைவிடத் தேடுகிற நேரம்தான் அதிகம் என்று நீ சொல்லுவாய். வெயிலுக்காக அந்தப் பக்கம் போகிறார் என்று நினைக்கிறேன்.

மாத்திரையை ஒழுங்காகப் போடு. ராத்திரி காதை மூடிப் படு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
காடு வளர்த்த தலையோடு,
அப்பா


பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கை எப்படி இருக்கிறது? கட்டைப் பிரித்துவிட்டார்களா?

முதல் இரண்டு வாரம் எழுத முடியவில்லை. பேனா நிற்கவில்லை. இப்போது நிற்கிறது, நீங்களே பாருங்கள். கஞ்சி தங்குகிறது. தூக்கம் விட்டு விட்டு வருகிறது. என் அறையில் இருக்கிறவர் முன்னாள் சமையல்காரர். தூக்கத்தில் யாரையோ உப்புப் போடச் சொல்லிக் கத்துகிறார்.

இங்கே எல்லோருக்கும் முடி நீண்டுவிட்டது. நான் சலூன்காரன் என்று தெரிந்ததும் வரிசையில் நின்றார்கள். கத்தரி தரமாட்டோம் என்று மேடம் சொல்லிவிட்டார். சீப்பு மட்டும் தந்தார். சீவிவிட்டேன். அதற்கே ஒருவர் அழுதுவிட்டார்.

மே முதல் வாரம் விடுவார்கள் அப்பா. நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். வீட்டுக்கு வந்தால் முதல் வேலை உங்கள் பிடரிதான். என் நாற்காலியைத் துடைத்து வையுங்கள். வீட்டில் என் அறை அப்படியே இருக்கட்டும். நான் மாறிவிட்டேன். இந்தத் தடவை நிஜமாக.

வருவீர்கள்தானே?

உங்கள் மகன்


பிப்ரவரி 20

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேனா நிற்பதைப் பார்த்தேன். அந்தத் தாளை இரண்டு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உன் எழுத்து எப்போதும் அழகு, அது உன் அம்மா கொடுத்தது. உயிரோடு இருந்தவரை எனக்குக் கொடுக்க அவளிடம் மிச்சம் இல்லை.

இங்கே எல்லாம் வழக்கம்போல. கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மூலையில் கிடக்கும் பழைய பத்திரிகையைப் படிக்கவே தனியாக நாலு பேர் வருகிறார்கள். அடுத்த கடை இஸ்திரிக்காரர் உன்னைக் கேட்டார். பெண்ணெடுத்த இடத்தில் தகராறு என்றும் அதனால் மனம் சரியில்லை என்றும் சொன்னார். யார் வீட்டுப் பெண், என்ன தகராறு என்று அரைமணி நேரம் கேட்டேன். கடைசியில் பார்த்தால் அது அவர் தினமும் பார்க்கும் டிவி நாடகம்.

சமைக்கக் கற்றுக்கொண்டேன். முட்டையை உடைப்பதற்குள் ஓடு பாதி உள்ளே போய்விடுகிறது. ஓட்டிலும் சத்து இருக்கிறதாம், டாக்டரே சொல்லியிருக்கிறார், அல்லது நான் சொல்ல வைத்தேன். ஒரு ஆளுக்குச் சமைப்பது எவ்வளவு என்று இன்னும் கை பழகவில்லை. மிஞ்சியது பூனைக்கு. அது இப்போது என்னைவிடப் பருத்துவிட்டது.

உங்கள் இல்லத்துக்காரர்கள் சனிக்கிழமைகளில் இந்த ஊரில் ஒரு கூட்டம் போடுகிறார்கள், உன்னை மாதிரி உள்ளே இருப்பவர்களின் வீட்டு ஆட்களுக்கு. போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. எல்லோரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது பொறுக்காது என்று உனக்குத் தெரியும். "என்னங்க, எல்லாரும் கீழ முடியத் தேடறீங்களா?" என்றேன். சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் நாற்காலியைத் துடைத்தேன். கழுத்து வைக்கும் இடத்தில் ரெக்ஸின் கிழிந்திருக்கிறது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

வேறென்ன. குளிர் அதிகம், மார்பில் துணி சுற்றிப் படு. உன் அக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்பு தேறியிருக்கிறது. கன்னத்தில் சதை வந்திருக்கிறது என்று சமையல்காரர் சொல்கிறார். உங்கள் கை எப்படி?

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். பூனை பருத்ததைக் கேட்டு அறையே சிரித்தது. ஆனால் நான் கேட்டதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.

அப்பா, இன்னும் நீங்கள் இடது கையால்தான் எழுதுகிறீர்கள். வரி முழுக்க மை இழுபட்டிருக்கிறது. எழுதிய எழுத்தின் மேலேயே கை போகிறது. வழுக்கி விழுந்த கட்டு இத்தனை நாள் இருக்குமா? ஒரு கையால் கூட்டத்துக்கு எப்படி வெட்டுகிறீர்கள்? நீங்கள் எழுதியதில் பத்திரிகை படிக்கிறவர்கள்தான் வருகிறார்கள். முடி வெட்டிக்கொண்டவர் ஒருவர்கூட வரவில்லை.

இங்கே எங்களை அவரவர் கடைசி நாளைச் சொல்லச் சொல்கிறார்கள். என் முறை வந்தபோது பாதிதான் சொன்னேன். அன்றைக்குக் காலை வீட்டிலிருந்து கிளம்பியது தெரியும். அப்புறம் அக்கா வீட்டுக்காரரும் நீங்களும் என்னை இங்கே கொண்டுவந்தது தெரியும். நடுவில் ஒன்றும் இல்லை. வெட்டி எடுத்த மாதிரி இருக்கிறது.

அந்த நடுவில் என்ன நடந்தது அப்பா?

மகன்


மார்ச் 15

அன்பு மகனுக்கு,

நலமா? இங்கே நலம். அவசரமாக எழுதுகிறேன், தபால் பெட்டி திறக்கிற நேரம்.

ஒன்றும் நடக்கவில்லை. போனதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? வயதான எலும்பு, சேர நாளாகும். டாக்டரே "உங்க எலும்புக்கும் உங்க பேச்சுக்கும் சம்பந்தமே இல்ல, பேச்சு மட்டும் இளமையா இருக்கு" என்றார். கடை நன்றாக நடக்கிறது. நீ உடம்பைப் பார்.

அப்பா


மார்ச் 28

அப்பாவுக்கு,

நேற்று அக்கா என்னைப் பார்க்க வந்திருந்தாள். பழம் கொண்டுவந்தாள். நான் ஒன்றுதான் கேட்டேன், கடையில் கூட்டம் எப்படி என்று. அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. நான் உள்ளே வந்த நாளிலிருந்து கடை பூட்டித்தான் கிடக்கிறதாமே. உங்கள் மணிக்கட்டில் எலும்பு இரண்டாகப் போயிருந்ததாமே. அதற்குமேல் அவள் சொல்லவில்லை. "அப்பாவையே கேளு" என்றாள்.

கேட்கிறேன்.

நானா அப்பா?


மே 2

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் போட இத்தனை நாளானதற்கு உடம்பு காரணமில்லை.

எழுதி எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் நாலு வரியில் ஒரு ஜோக் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதைத் துரத்தினால் கடிதமே போய்விடுகிறது. சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு அம்மா, பஸ் கண்டக்டர் சம்சாரம், அவள் புருஷனும் உங்களோடுதான் இருக்கிறான். அவள் என்னைக் கேட்டாள், "அண்ணே, நீங்க வந்தாத்தான் இங்க சிரிப்பு. வீட்டுக்குப் போய் யார்கிட்ட சொல்லிச் சிரிக்கிறீங்க?" "பூனைகிட்ட" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. உன் அப்பனின் ஜோக் தரையில் விழுந்ததை நீ பார்த்திருக்க மாட்டாய். அன்றைக்கு எல்லோரும் பார்த்தார்கள்.

ஆகவே கேள்.

அன்றைக்குப் பகல். மொட்டைக் கணக்கர் முகம் முழுக்க நுரையோடு கண்ணை மூடி உன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நீ உள்ளே வந்தாய். வாசலில் கால் தடுக்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. "நகருங்கப்பா, இது என் நாற்காலி, நான் பண்றேன்" என்று கத்தியை எடுத்தாய். உன் கையில் அது ஆடியது. நான் உன் கையைப் பிடித்தேன். நீ என்னைத் தள்ளினாய். நாற்காலியில் கால் வைக்கிற இரும்பு இருக்கிறதே, அதில் என் மணிக்கட்டு விழுந்தது. கணக்கர் கண்ணைத் திறந்தார். போர்த்திய துணியோடும் நுரையோடும் எழுந்து தெருவில் ஓடினார். துணி இன்னும் திரும்பி வரவில்லை. கேட்கவும் எனக்கு முகமில்லை.

கத்தியை நீயே கீழே போட்டாய். அதை நான் மறக்கவில்லை. பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டாய். கட்டுப் போட்ட இடத்தில் "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்கள். "வழுக்கிருச்சு" என்றேன். நான் யோசிக்கக்கூட இல்லை. அது தானாக வந்தது.

உன் கேள்விக்குப் பதில், ஆமாம்.

நீ பிப்ரவரியில் ஒன்று கேட்டாய். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் உன்னைக் கூட்டிப்போக வரமாட்டேன். நீ வீட்டுக்கு வரவேண்டாம்.

இந்த வரியை எழுதத்தான் ஒரு மாதம் ஆயிற்று.

கை உடைந்ததற்காக அல்ல. கைக்கு டாக்டர் இருக்கிறார். நீ வீட்டில் இருந்தால் நான் அப்பன் வேலை பார்ப்பதில்லை, காவல் வேலை பார்க்கிறேன். நீ குளித்தால் கதவுக்கு வெளியே நிற்பேன். நீ தண்ணீர் குடித்து வைத்த டம்ளரை முகர்ந்து பார்ப்பேன். ஷேவிங்குக்குப் பிறகு தடவுகிற ஸ்பிரிட்டை நிறுத்திவிட்டுக் கடையில் படிகாரக் கல்லுக்கு மாறினேனே, வாடிக்கைக்காரர்களிடம் தோலுக்கு நல்லது என்று சொன்னேன். உண்மையில் ஸ்பிரிட் பாட்டில் உன்னிடம் தப்பவில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இருவரும் படிகாரத்தின் மகிமையைப் பேசிக்கொண்டிருந்தோம். நீ வேலைக்கு வராத நாளில் "அவனுக்குக் காய்ச்சல்" என்பேன். உனக்கு வந்த காய்ச்சலெல்லாம் நிஜமாக வந்திருந்தால் நீ எப்போதோ செத்திருப்பாய்.

இதையெல்லாம் உதவி என்று நினைத்திருந்தேன். நீ எப்போது விழுந்தாலும் அடிபடாதபடி கீழே நான் மெத்தையாகக் கிடந்தேன். மெத்தை இருக்கிற இடத்தில் விழ யாருக்குப் பயம்?

நான் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கடிதம் எழுதுவேன். நீ எழுதாவிட்டாலும் எழுதுவேன். உடம்பு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லியனுப்பு, வந்து பக்கத்தில் உட்காருவேன். இல்லத்துக்குப் பின்னால், வெளியே வேலைக்குப் போகிறவர்கள் தங்க அறைகள் இருக்கின்றனவாம். மேடத்திடம் கேட்டேன், உனக்கு ஒரு கட்டில் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் என்னால் முடியும். வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டேன். கடையில் உன் நாற்காலி இப்போதைக்கு உனக்கு இல்லை. உன்னைப் பற்றி இனி யாராவது கேட்டால் காய்ச்சல் என்று சொல்லமாட்டேன்.

வெளியே வந்ததும் உனக்குப் போன் கிடைக்கும். தயவுசெய்து எனக்குப் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் "சரி, வா" என்று சொல்லிவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும். தாளில்தான் நான் கொஞ்சம் கெட்டிக்காரன்.

கோபம் வரும். வரட்டும். சாப்பாட்டின் மேல் காட்டாதே.

அப்பா


மே 11

அப்பாவுக்கு,

சரி.

மகன்


மே 25

அன்பு மகனுக்கு,

நான் நலம். உன் கடிதம் கிடைத்தது. அதைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு சொல்தான், ஆனால் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் வேறு முகம் காட்டுகிறது. காலையில் படித்தால் கோபம் மாதிரி இருக்கிறது. சாயங்காலம் படித்தால் நிஜமாகவே சரி மாதிரி இருக்கிறது. அதனால் சாயங்காலத்தில் மட்டும் படிக்கிறேன்.

உன்னை வெளியே விட்ட நாளில் நான் என்ன செய்தேன் என்று சொல்லட்டுமா? காலையிலேயே குளித்தேன். நல்ல சட்டை போட்டேன். ஒரு கையால் பித்தான் மாட்டுவதில் நான் இப்போது சர்க்கஸ்காரன். பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். உங்கள் ஊர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "ஏறுங்க பெரியவரே, ஏறுங்க" என்றார். "நான் ஏறலப்பா, சும்மா நிக்கிறேன்" என்றேன். "சும்மா நிக்க வேற இடம் கிடைக்கலையா?" என்றார். நியாயமான கேள்வி. பஸ் போன பிறகும் கொஞ்சநேரம் நின்றேன். பிறகு வந்து பூனைக்குப் பால் வைத்தேன்.

வீட்டில் இப்போது யாரையும் காவல் காக்க வேண்டாம். நன்றாகத் தூங்கலாம். தூங்குகிறேனா என்று கேட்காதே. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் காது தானாக நிமிர்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் செருப்பு. அவர் வாழ்க்கையில் அவர் வருகைக்காக இவ்வளவு ஆவலாக யாரும் காத்திருந்ததில்லை, பாவம், அவருக்கு அது தெரியாது.

கட்டுப் பிரித்தாயிற்று. கடையைத் திறந்துவிட்டேன், இந்தத் தடவை நிஜமாக. கத்தரி பிடிக்க வருகிறது. கத்தி இனி வராது, விரல் அழுத்தம் போய்விட்டது. ஷேவிங் இல்லை என்று எழுதி மாட்டிவிட்டேன். மொட்டைக் கணக்கர் ஒருநாள் வாசலில் வந்து நின்றார். கையில் அந்தத் துணி, தோய்த்து மடித்து. "பையன் எப்படி இருக்கான்?" என்றார். காய்ச்சல் என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "குடிய விட முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கான் சார். என் கூட இல்ல" என்றேன். அவர் உள்ளே வந்தார். உட்கார்ந்தார். தேடி எடுத்து வெட்டினேன்.

ஒன்று யோசித்தேன். வீடு இல்லை, வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் நம் முதல் திங்களை நான் மூடவில்லை. கடை விடுமுறை, வேறு ஆள் இருக்கமாட்டார். ஜூலை முதல் திங்கள் காலை வா. கதவு பாதி திறந்திருக்கும். என் தலையை நீ வெட்டு, உன் தலையை நான் வெட்டுகிறேன். கத்தி பெட்டிக்குள் பூட்டியிருக்கும், கத்தரி மட்டும் வெளியே. முடிந்ததும் டீ குடித்துவிட்டு நீ உன் அறைக்குப் போக வேண்டும். குடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். அனுப்புவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அனுப்புவேன்.

வரமுடியாவிட்டால் ஒரு வரி போடு. 'சரி'யைவிட ஒரு சொல் அதிகமாக.

அப்பா


ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

கோபத்தில்தான் 'சரி' என்று எழுதினேன். நான்கு பக்கம் திட்டி எழுதிவைத்திருந்தேன். சமையல்காரர் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே, ஆனா உங்கப்பா எழுதினதுல எந்த வரி பொய்?" என்றார். எதுவும் இல்லை. அதனால் கிழித்துவிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் அனுப்பினேன்.

நாங்கள் இருவரும் ஒரே பேக்கரியில் வேலைக்குப் போகிறோம். அவர் அடுப்பில், நான் மாவு பிசைகிறேன். விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். மாவு நல்லது அப்பா, கை நடுங்கினால் அதற்குத் தெரியாது. பின்கட்டு அறையில் மூன்று கட்டில், ஜன்னலோரம் என்னுடையது. மத்தியானத்துக்கு மேல்தான் கஷ்டம். வேலை முடிந்து வெளியே வந்தால் தெரு முழுக்க அந்தக் கடைகள்தான் கண்ணில் படுகின்றன. முன்பும் அதே கடைகள்தானே இருந்தன என்று சமையல்காரர் சொல்கிறார். நாங்கள் சுற்றுவழியாக நடந்து வருகிறோம்.

அந்த நுரைமுகம் கனவில் வருகிறது. உங்கள் கையும் வருகிறது. மன்னிப்பு என்று எழுதினால் அது போதாது. அதனால் எழுதவில்லை.

முதல் திங்கள் வருகிறேன். முதல் பஸ்.

உங்கள் மகன்


ஜூலை 4

அன்பு மகனுக்கு,

எப்படி இருக்கிறாய்? இதற்கு மட்டும் தவறாமல் பதில் போடு.

திங்கட்கிழமையைப் பற்றி இருவரில் ஒருவர் எழுதித்தான் ஆகவேண்டும். நான் பெரியவன், நானே தொடங்குகிறேன்.

காலையிலேயே கடைக்குப் போய்விட்டேன். தரையைத் துடைத்தேன், காயும்வரை காத்திருந்தேன், வழுக்கியது என்று இனி யாரும் சொல்லக்கூடாது பார். கண்ணாடியைத் துடைத்தேன். கணக்கர் தோய்த்துத் தந்த துணியை எடுத்து வைத்தேன். கத்தியைப் பெட்டியில் பூட்டினேன். சின்னக் கத்தரி, பெரிய கத்தரி, சீப்பு எல்லாம் வரிசையாக. கதவைப் பாதி ஏற்றினேன். பிறகு, நீ குடித்திருந்தால் சொல்லவேண்டியதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். "போயிட்டு அடுத்த மாசம் வா." கடுமையாகச் சொல்ல வேண்டும். எனக்குக் கடுமை வராது. தலைமுடி வேறு கழுத்துவரை தொங்குகிறது, கண்ணாடியில் பார்த்தால் ஏதோ சாமியார் ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி இருந்தது.

முதல் பஸ் வந்தது. அடுத்ததும் வந்து போனது. டீ வாங்கி வைத்தது ஆறியது.

அப்புறம் உன்னைப் பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம், எதிர்க்கடையின் பந்தலுக்குக் கீழே நின்றாய். உன் தலையும் காடாக இருந்தது. ஒரு கையால் தூணைப் பிடித்திருந்தாய். அந்தப் பிடி எனக்குத் தெரியும். கிட்டே வந்து முகர்ந்து பார்க்கத் தேவையில்லை.

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். என் கால் வாசற்படியில் இறங்கிவிட்டது, பொய் சொல்லமாட்டேன். உன்னைக் கூட்டிவந்து முகம் கழுவி, நாற்காலியில் படுக்கவைத்து, யாராவது கேட்டால் காய்ச்சல் என்று சொல்லவேண்டும் என்று உடம்பில் இருக்கிற ஒவ்வொரு எலும்பும், சேராத எலும்பு உட்பட, கேட்டது.

அப்போது நீ கையைத் தூக்கினாய். உள்ளங்கையைக் காட்டினாய். வேண்டாம் என்றாய். எனக்கா, உனக்கா என்று தெரியவில்லை. திரும்பி நடந்தாய். பஸ் நிறுத்தம் இருக்கிற பக்கமாகத்தான் போனாய், தெருமுனைவரை பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு பக்கம் திரும்பவில்லை.

நான் அத்தனை ஒத்திகை பார்த்த வசனத்தைச் சொல்லவிடாமல் செய்துவிட்டாய். என்னால் செய்யமுடியாமல் போயிருக்கக்கூடியதை நீ செய்துவிட்டுப் போனாய். எனக்கு அழுகை வந்தது, அது வேறு விஷயம்.

சாயங்காலம் மேடத்துக்குப் போன் பண்ணினேன். நீ நேராக அங்கேயே வந்து சேர்ந்தாய் என்றும், நீயாகவே அவரிடம் சொன்னாய் என்றும் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் காவல் வேலை தொடங்கிவிடும்.

விழுந்தாய். எழுந்து போயிருக்கிறாய். மற்றதை உன் கூட இருக்கிற சமையல்காரரும் மேடமும் நீயும் பாருங்கள். எனக்கு இருக்கிறது ஒரு திங்கள்தான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆகஸ்டிலும் முதல் திங்கள் உண்டு. கதவு பாதி திறந்திருக்கும். தரை காய்ந்திருக்கும். கத்தி பெட்டிக்குள் இருக்கும். நான் சொன்னது எதுவும் மாறவில்லை, வீட்டுப் பூட்டும்தான்.

நீ போன பிறகு கொஞ்சநேரம் துணியைப் போர்த்திக்கொண்டு உன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கடைக்காரன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான் போல. தெருவைத் தாண்டி வந்து கதவுக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்தான். கையில் சீப்பு இருந்தது, ஆனால் ஆட்டவில்லை.

"முதலாளி, எத்தன மாசத்துக்கு இப்படியே இருப்பீங்க? உக்காந்துதானே இருக்கீங்க. நான் வெட்டிவிடட்டுமா?" என்றான். கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டான்.

"வேணாம்யா," என்றேன். "எனக்கு வெட்ட ஒருத்தன் இருக்கான்."

சாப்பிடு. தூங்கு. பதில் போடு.

அப்பா